அடையாள அட்டையைக் காட்டுவது வேறு, கொடுப்பது வேறு: திருகோணமலைக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "ஐ.சி. எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். கை தானாகவே சட்டைப் பைக்குப் போகும். பஸ்ஸை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்கவிட்ட காலம் பழக்கிவிட்ட பழக்கம் அது. சோதனைச் சாவடிகள் குறைந்துவிட்டன, பழக்கம் குறையவில்லை. இப்போது குடைக்குக் கீழ் நின்று சிம் விற்கும் பையனுக்கும், லீசிங் கம்பனி ஆளுக்கும், உப்புவெளி விடுதியின் வரவேற்பு மேசைக்கும் அதே வேகத்தில் நீட்டுகிறோம். அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதோடு நிற்பதில்லை. கைபேசியில் படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. அட்டையைக் காட்டுவது ஒன்று, பிரதி கொடுப்பது இன்னொன்று, அட்டையையே ஓரிடத்தில் விட்டுவிட்டு வருவது மூன்றாவது. காட்டுவதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிரதி கொடுப்பதென்றால் நாம் நிபந்தனை போட வேண்டும். விட்டுவிட்டு வருவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும்.

படி 1: உங்கள் இலக்கத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள்

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் இலங்கையில் அடையாள அட்டை வழங்கப்படுகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும், கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம், எழுத்துக் கிடையாது. 2017 ஒக்டோபரில் ஸ்மார்ட் அட்டை வந்தது.

இந்த இலக்கம் ஏதோ வரிசையில் விழுந்த எண் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உங்களைப் பற்றிப் பேசுகிறது. முதல் பகுதி பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1990 ஏப்ரல் 15 இல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, மார்ச்சுக்கு 31, ஏப்ரலில் 15, மொத்தம் 106. பெப்ரவரிக்கு எந்த வருடமானாலும் 29 நாள் என்றே கணக்கு. 500 ஐக் கூட்டினால் 606. ஆகவே அவருடைய பழைய அட்டை 90606 என்று தொடங்கும், புதியது 1990606 என்று. மிச்சம் தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும்தான். பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றுவதும் சுலபம்: முன்னால் 19 போட்டு, நாள் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டியதுதான். ஆக, பழைய அட்டையின் பிரதி எங்கோ கிடந்தால் புதிய இலக்கமும் அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொண்டால் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. வங்கி அட்டையின் இரகசிய எண், கைபேசிப் பூட்டு, மின்னஞ்சல் கடவுச்சொல் எதிலும் பிறந்த தேதி இருக்கக் கூடாது. இலக்கம் தெரிந்த எவருக்கும் அந்தத் தேதி தெரியும். சில நிறுவனங்கள் அனுப்பும் கணக்கு அறிக்கைகளுக்கு அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கிறார்கள். மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி அழைக்கும் ஒருவர் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் பிறந்த நாளையும் சரியாகச் சொன்னார் என்பதற்காக அவரை நம்பவும் வேண்டாம். ஒரு போட்டோகொப்பியைப் பார்த்தவருக்கு இவ்வளவும் தெரியும்.

கடவுச்சொல் போனால் மாற்றலாம். இந்த இலக்கத்தை மாற்ற முடியாது, சாகும்வரை இதுதான். அதனால்தான் இதற்கு இவ்வளவு கவனம்.

படி 2: கேட்பவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்

பொலிசார் போன்ற சட்ட அதிகாரம் உள்ளவர் கேட்டால் காட்டத்தான் வேண்டும். வங்கியில் கணக்குத் திறக்கும்போது உங்களை அடையாளம் காண வேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. சிம் வாங்கவும் பதிவு வேண்டும். இந்த இடங்களில் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

மற்ற இடங்களில் ஒரு கேள்வி கேட்கலாம்: "பார்த்து இலக்கத்தை எழுதிக்கொண்டால் போதாதா?" பெரும்பாலும் போதும் என்று சொல்லிவிடுவார்கள். கேட்கப்படாததால்தான் பிரதி எடுக்கிறார்கள்.

கட்டட வாசலில் பாதுகாவலர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வருகையாளர் அட்டை தருவது உண்டு. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடத் தயார் என்று சொல்லுங்கள். ஏதாவது ஒன்றை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வேலைத்தள அட்டை, நூலக அட்டை என்று இரண்டாம் தரமான ஒன்றைக் கொடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துத் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்; அதிலும் அதே இலக்கம் இருக்கிறது. கடவுச்சீட்டிலும் இருக்கிறது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விடுதி நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். தங்க வருபவரின் விபரம் வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்புத்தான். அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது. வேலைக்கு நிற்கும் பையனின் சொந்தக் கைபேசியில் விருந்தாளிகளின் அட்டைப் படங்கள் சேர்ந்துகொண்டே போவது எந்தப் பொறுப்பிலும் சேராது. அவன் சீசன் முடிந்து வேலையை விட்டுப் போகும்போது அந்தப் படங்களும் அவனோடு போகும். ஒரு இளம் சோடி வந்து தங்கினால் அந்தப் படம் யார் கைக்குப் போகலாம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு வேலை விடயத்தில் இன்னும் கடுமையாக இருங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் வீட்டுக்கே வந்து "கட்டாருக்கு ஆள் எடுக்கிறம், ஐ.சி.யும் பாஸ்போட் கொப்பியும் தாங்க" என்று கேட்கும் உபமுகவர்கள் உண்டு. முதலில் முகவர் நிறுவனத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் விசாரியுங்கள். பதில் வந்த பிறகு பிரதியைப் பற்றிப் பேசலாம்.

படி 3: பிரதியைக் கெடுத்துவிட்டுக் கொடுங்கள்

வெறும் பிரதி என்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலத்தான். அதைப் பயனற்றதாக்குவது சுலபம், ஒரு பேனா போதும்.

பிரதியின் குறுக்கே, அட்டைப் படத்தின் மேலாகவே இரண்டு கோடு இழுங்கள். கோடுகளுக்கு நடுவே எதற்கு, யாருக்கு, எந்தத் தேதி என்று எழுதுங்கள்: "இன்ன கம்பனியில் தண்ணீர் மோட்டார் தவணைக்கு மட்டும், 12.03.2025". எழுத்து அட்டையின் மேல் ஏற வேண்டும். ஓரத்து வெள்ளையில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி பிரதி எடுக்கலாம். ஆனால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிடாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்தை அதே தாளில் போட வேண்டிய தேவை இல்லையென்றால் போடாதீர்கள்.

பின்பக்கம் தேவையா என்றும் கேளுங்கள். முகவரி, பிறந்த இடம், ஸ்மார்ட் அட்டையில் பட்டைக் குறியீடு எல்லாம் அங்கேதான். பல இடங்களில் முன்பக்கம் மட்டும் போதும், பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் எடுக்கிறார்கள். இந்தியாவில் ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படியான பிரதியை அரசாங்கத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இங்கே நாமாக மறைத்தால்தான் உண்டு.

கிராமங்களில் குழுக்கடன் எடுக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் பிணை நிற்பதால் எல்லாருடைய பிரதியும் குழுத் தலைவியின் வீட்டு அலுமாரியில் ஒரு கோப்பில் இருக்கும், "அடுத்த லோனுக்கும் தேவைப்படும்" என்று இரண்டு மூன்று பிரதி கூடுதலாக. தலைவி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்கு வந்துபோகும் வசூல்காரர் நல்லவரா என்பது வேறு கேள்வி. கடனுக்குக் கடன் புதிதாக, கோடு போட்டு, தேதி எழுதிய பிரதி கொடுங்கள். "அக்கா, உங்கள நம்பாம இல்ல, கடன் முடிஞ்சா கொப்பியையும் திருப்பித் தாங்க" என்று சொன்னால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கோபித்தால் அந்தக் குழுவைப் பற்றி ஒருமுறை யோசிக்க வேண்டியதுதான்.

அப்புறம், வீட்டில் சேர்ந்த பழைய பிரதிகள். தயவுசெய்து பழைய பேப்பரோடு நிறைக்குப் போடாதீர்கள். கடற்கரையில் வாங்கும் கடலைச் சுருளைப் பிரித்துப் பார்த்தால் விண்ணப்பப் படிவம், விடைத்தாள், வங்கிச் சீட்டு என்று ஏதாவது ஒன்று பெயரும் முகவரியுமாகச் சிரிக்கும். எரிப்பதுதான் நல்லது. கிழித்துப் போடுவதென்றால் இலக்கம் நடுவில் கிழியும்படி கிழியுங்கள்.

படி 4: கொமினிகேஷன் கடையும் கைபேசியும்

பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்), நீதிமன்றம் எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றிப் போட்டோகொப்பியும் பிரிண்டும் எடுக்கும் கொமினிகேஷன் கடைகள் இருக்கும். அங்கே நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "அண்ணா, இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, பிரிண்ட் எடுக்கலாம்." அனுப்புகிறோம். கடைக் கணினித் திரையில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது. நமக்கு முன் வந்தவரின் பிறப்புச் சான்றிதழ், அவருக்கு முன் வந்தவரின் அடையாள அட்டை, ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை, எல்லாம் வரிசையாக, வருகிற போகிறவர் பார்க்கும்படி. நம் படமும் போய் அந்த வரிசையில் உட்காருகிறது. இருபது ரூபாய் வேலைக்கு வந்த இடத்தில் அட்டையின் முழுப் படத்தையும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டுப் போகிறோம். ஊடுருவிகள் எங்கோ வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள் என்று பயப்படுகிறோம். என் கணிப்பில் நம் ஊரில் அதிகம் கசிவது இந்த மேசையில்தான்.

செய்ய வேண்டியது: முடிந்தால் அட்டையையே கொண்டுபோய் நேரடியாகப் போட்டோகொப்பி எடுங்கள். அட்டை கண்ணாடியில் மறந்து கிடக்காமல் கையில் வந்ததா என்று பாருங்கள், மங்கலாக வந்ததென்று குப்பையில் போடும் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால், அச்சான கையோடு அங்கேயே நின்று உங்கள் பக்கத்தில் "எல்லாருக்கும் அழி" என்பதை அழுத்துங்கள். இரண்டு நாளுக்குமேல் போனால் அந்த வசதி கிடைக்காது. இறக்கிச் சேமித்த படத்தை அது அழிக்காது என்பதால் "தம்பி, டவுன்லோடுக்குள்ளயும் அழிச்சிடுங்க" என்று சொல்லி, அழிக்கும்வரை நில்லுங்கள். சங்கடம்தான். ஆனாலும் நில்லுங்கள்.

உறவினருக்கு அனுப்புவதென்றால் "ஒருமுறை மட்டும் பார்க்க" என்ற வசதியைப் பயன்படுத்தலாம். கடையில் பிரிண்ட் எடுக்கும் வேலைக்கு அது உதவாது.

படத்தில் எதையாவது மறைத்து அனுப்பும்போது ஒரு நுட்பம் உண்டு. கைபேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு அடித்தால் கண்ணுக்கு மறைந்ததுபோல இருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். முழு நிறப் பெட்டியால் மூடி, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷொட்டை அனுப்புங்கள்.

உங்கள் சொந்தக் கைபேசியின் படத்தொகுப்பையும் ஒருதடவை கிண்டிப் பாருங்கள். 2022 இல் எரிபொருள் கியூஆர் வந்தபோது குடும்பத்தில் எல்லாருடைய அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்பினோம். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான பதிவு வந்தபோது மறுபடியும். அந்தப் படங்கள் இன்னும் அங்கேதான், கூகிள் போட்டோஸில் ஒரு பிரதியோடு. இரண்டு இடத்திலும் அழித்து, குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலிசெய்யுங்கள். கைபேசியைத் திருத்தக் கொடுக்குமுன் செய்தால் இன்னும் நல்லது.

படி 5: உங்கள் பெயரில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

கைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போய், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் கேட்டால் போதாது, எல்லா நிறுவனத்திலும். தெரியாத சிம் இருந்தால் அங்கேயே எழுதிக்கொடுத்துத் துண்டியுங்கள். அந்த சிம்மில் இருந்து யாராவது மோசடி செய்தால் விசாரணை முதலில் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்.

கடனுக்கு, இலங்கைக் கடன் தகவல் பணியகம். ஊரில் கிரிப் என்பது இதைத்தான். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு. உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே கட்டணம் செலுத்தி எடுக்கலாம். வங்கிக் கிளையில் கேட்டால் வழி சொல்வார்கள். எடுக்காத கடனோ, நிற்காத பிணையோ அதில் இருந்தால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஆனால் அங்கத்துவ நிறுவனங்களின் கடன்தான் அறிக்கையில் வரும். பதிவில்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர்களின் கணக்கு வராது.

படி 6: அட்டை தொலைந்தால்

அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடு. "வீட்டிலதான் எங்கயாவது கிடக்கும்" என்று இரண்டு மாதம் தேடுபவர்கள்தான் அதிகம். முறைப்பாடு புதிய அட்டைக்கான கடதாசி மட்டும் இல்லை. அந்தத் தேதிக்குப் பின் உங்கள் அட்டையை வைத்து யார் எதைச் செய்தாலும், அது நான் இல்லை என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. முறைப்பாட்டின் பிரதியை வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அதன்பின் கிராம சேவகரிடம் விண்ணப்பம். அவர் உறுதிப்படுத்தியதும் உங்கள் பிரதேச செயலகத்துக்கு; நகரத்தவர்களுக்குப் பட்டினமும் சூழலும், மற்றவர்களுக்குக் குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் என்று அவரவர் பிரிவு. படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவான ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை இணையத்தில் அனுப்பிவிட்டு உங்களுக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்கள்.

படி 7: பெயரைச் சரிபாருங்கள்

தனியுரிமை பற்றிப் பேசும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை. எங்களுக்கோ இது பெரிய விடயம். பழைய அட்டைகளில் சிங்களத்தில் மட்டும் எழுதியவையும் உண்டு. தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கத் தெரியாமலே முப்பது வருடம் அட்டையைச் சுமந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது தலைப்பெழுத்து மாறும், ஒரு எழுத்துக் கூடும், தகப்பன் பெயர் சொந்தப் பெயராகும். கணினித் தொகுதிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியதும் அந்த ஒரு எழுத்துக்காக ஓய்வூதியம் நிற்கும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து மூன்று மொழியிலும் ஒப்பிடுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் இப்போதே கிராம சேவகர் ஊடாகத் திருத்த விண்ணப்பியுங்கள்.

அவசரம் ஏன் என்றால், இந்திய அரசின் நிதியுதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் தயாராகிறது. முகம், கைவிரல் ரேகை, கண்ணின் கருவிழி மூன்றையும் பதிவதாகத்தான் அதன் திட்டம். இலக்கத்தைப் போலவே இவற்றையும் மாற்ற முடியாது. பதிவுக்கு அழைக்கும் நாளில் பிழையான பெயரோடு போய் நின்றால், பிழையான பெயருக்கு உங்கள் ரேகையைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அன்றைக்குத் திரையில் தட்டச்சுச் செய்ததைத் தமிழிலும் காட்டச் சொல்லிப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். டிஜிட்டல் அட்டையே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான்; ஒரு கடிதத்துக்காகக் கொழும்புக்குப் பஸ் ஏறிய ஊர்க்காரன் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் சேகரிப்பவர் யார், எவ்வளவு காலம் வைத்திருப்பார், வேறு யாருக்குக் கொடுப்பார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

படி 8: சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. உங்கள் தரவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அதைக் காட்டச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம். ஆனால் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, பின்னர் தள்ளிப்போயின. ஆகவே கடைக்காரரிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட நிறுவனங்களுக்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவது பலன் தரும்.

அரச அலுவலகம் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். உங்களைப் பற்றி அங்கே என்ன பதிவு இருக்கிறது என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்; 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

இணையத்தில் உங்கள் அட்டைப் படத்தை யாராவது போட்டிருந்தாலோ, உங்கள் பெயரில் போலிக் கணக்கு நடந்தாலோ, அழிக்கச் சொல்லுமுன் திரையைப் படமெடுத்து, இணைப்பையும் தேதியையும் குறித்துவையுங்கள். பிறகு 101 இல் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு அறிவியுங்கள், பொலிசிலும் முறைப்பாடு செய்யுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால்

இப்போது பதினைந்து வயதிலேயே அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள், மாணவர் என்றால் பாடசாலை அதிபர் ஊடாக. அட்டை கையில் வந்த அன்று பிள்ளை செய்யும் முதல் வேலை அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது. திட்டாதீர்கள். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைக் கொடுத்து, "இதில உன்ர பிறந்த நாள் எங்க இருக்கு, கண்டுபிடி பாப்பம்" என்று கேளுங்கள். கண்டுபிடித்தபின், நண்பர்களும் அதே வழியில் கண்டுபிடிப்பார்கள் என்று அதுவே சொல்லும். முதல் சிம், முதல் வங்கிக் கணக்கு வாங்கப் போகும்போது பிரதியில் கோடு போட்டு எழுதும் வேலையைப் பிள்ளையின் கையாலேயே செய்விக்கப் பாருங்கள். விண்ணப்பத்துக்கென்று கூடுதலாக எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகள் வகுப்பாசிரியரிடம் மிஞ்சியிருக்கும். அவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.